கால் ஸ்பூன் மஞ்சள்

மின்விசிறி விற்கும் அந்த நிறுவனத்தில் மேலாளருக்கு ‘கணீர்’ என்று பெயர். மூன்றாம் மாடியில் அவர் தொலைபேசியில் பேசினால், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் காவலாளி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வார். வருடாந்தரக் கூட்டத்துக்கு முந்தின நாள் அந்தக் குரல் காணாமல் போயிற்று. காலையிலிருந்து ஐந்து பேரை வரிசையாகக் கூப்பிட்டுக் கத்தியதில், மதியம் மூன்று மணிக்கு அவர் வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

வெந்நீர் தேடி அவரே கேன்டீனுக்கு இறங்கி வந்தார். சமையல்காரி அப்போதுதான் மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மேலாளர் தொண்டையைக் காட்டினார், கையை விரித்தார், கடிகாரத்தைக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இந்தப் பாஷை புதிதில்லை.

ஒரு டம்ளர் பாலைச் சுட வைத்தாள். நாலு மிளகை நசுக்கிப் போட்டாள். கால் ஸ்பூன் மஞ்சள் தூள், ஒரு துண்டு வெல்லம். கொதித்து அடங்கியதும் வடிகட்டி நீட்டினாள்.

“சூடா குடிச்சிடுங்க சார். ஆனா நாளைக்குக் காலைல வரைக்கும் வாயைத் தொறக்கவே கூடாது. ஃபோன் வேணாம். முணுமுணுக்கவும் வேணாம். அதுதான் முக்கியம்.”

அவர் குடித்தார். வேறு வழியில்லாததால் வாயையும் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் மூன்றாம் மாடி முழுவதும், யாரும் காரணம் கேட்காமல், நிம்மதியாக வேலை பார்த்தது.

மறுநாள் குரல் திரும்பிவிட்டது. மேடையேறிய கணீர், விற்பனையைப் பற்றிப் பத்து நிமிடமும் மஞ்சளைப் பற்றி இருபது நிமிடமும் பேசினார். நம்முடைய கேன்டீனிலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது என்றார். மூன்று தலைமுறையாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய மருந்து என்றார். இரவு முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதெல்லாம் மேடையில் சொல்லத் தக்கதாக அவருக்குப் படவில்லை போலும்.

கடைசி வரிசைக்குப் பின்னால் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்த சமையல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அம்மாவுக்கு மஞ்சள் வாசனையே ஆகாது. அம்மாவின் அம்மா எப்படியோ, அவள் பார்த்ததில்லை. அந்தப் பாலை அவள் கற்றுக்கொண்டது போன வருடம், பக்கத்து ஃபிளாட்டுக்காரியிடம். அவளும் அதை ஏதோ ஒரு பால் பாக்கெட்டின் முதுகில் படித்திருந்தாள்.

இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் கூட்டம் முடிந்ததும் மேலாளரிடம் போனாள்.

“சார், அது ஒண்ணும் ரகசியமெல்லாம் இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்...”

“பார்த்தீங்களா!” என்று அவர் சுற்றியிருந்தவர்களிடம் திரும்பினார். “எவ்வளவு அடக்கம்!”

அவள் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரே வாரத்தில் ‘பொன் நேரம்’ என்று ஒரு திட்டம் வந்தது. தினமும் பதினோரு மணிக்கு நூற்று நாற்பது பேருக்கும் மஞ்சள் பால். கேன்டீன் சுவரில் மூன்றடி உயரத்துக்கு அவள் படத்தை மாட்டினார்கள். படத்தில் அவள் இரண்டு கையையும் குவித்து மஞ்சள் தூளை ஏந்திக்கொண்டிருந்தாள். படம் பிடித்தவன் “சிரிங்க, சிரிங்க” என்று உயிரை வாங்கியதில், தும்மல் வருவதற்கு முந்தின கணம் போன்ற ஒரு முகம் அதில் பதிவாகியிருந்தது. கீழே ‘நம் வைத்தியக் கை’ என்று பெரிய எழுத்து.

அதன் பிறகு ஆட்கள் சமையலறைக்கு வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தது வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண். கன்னத்தில் பருக்கள்.

“மூஞ்சியைக் கையால தொட்டுக்கிட்டே இருக்காதம்மா. தலகாணி உறையை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்து. சரியாப் போயிடும்.”

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. “அவ்வளவுதானாக்கா? மஞ்சள் ஒண்ணும் வேணாமா?”

“சரி, வேணும்னா துளி மஞ்சளைத் தண்ணில குழைச்சுத் தடவிக்கோ. ஆனா அந்தக் கையோட மூஞ்சியைச் சொறியாத.”

இரண்டு வாரத்தில் பருக்கள் அடங்கின. தாடை மட்டும் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சளின் மகிமை என்று அந்தப் பெண் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தலையணை உறையை அவள் மறந்தே போனாள்.

தூக்கம் வராத விற்பனைப் பிரிவு ஆள் ஒருவர் வந்தார். ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மறுநாள் அதையே, “படுக்கற ரூமுக்குள்ள போகும்போது கையில மஞ்சள் பால் மட்டும்தான் இருக்கணும், ஃபோன் இருந்தா மருந்து வேலை செய்யாது” என்று மாற்றிச் சொன்னாள். மூன்றாம் நாள் அவர் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், அசந்து தூங்கிவிட்டாராம்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. சும்மா சொல்கிற நல்ல புத்தி யார் காதிலும் ஏறுவதில்லை. அதே புத்தியின் மேல் கொஞ்சம் மஞ்சளைத் தூவிக் கொடுத்தால் பயபக்தியோடு வாங்கிக்கொள்கிறார்கள். மூட்டு வலியோடு வந்த கணக்காளரிடம், மஞ்சள் பற்றுப் போடுகிற நாட்களில் மாடிப்படி ஏறக் கூடாது என்றாள். இரண்டு மாடியையும் லிஃப்டில் ஏறி இறங்கிய அவருக்கு நாலு நாளில் வலி பாதியாகக் குறைந்தது. முட்டியில் மஞ்சள் பற்றோடு, பேன்ட்டை ஒரு பக்கம் மடித்துவிட்டுக்கொண்டு, அவர் எல்லோருக்கும் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

பொய் சொல்வானேன், அவளுக்கும் இதெல்லாம் பிடிக்கத்தான் செய்தது. மஞ்சள் தூளைப் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கண்ணாடி ஜாடிக்கு மாற்றினாள். யாராவது நோயைச் சொன்னால் உடனே பதில் சொல்லாமல், ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். குரலைத் தணித்து, நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகிக்கொண்டாள்.

வீட்டில்தான் இந்த வித்தை எடுபடவில்லை. அவள் கணவன் சலவைக் கடையில் கறை எடுப்பவன். அவளுடைய புகழ் அவனுக்கு மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தது.

“உங்க ஆபீஸ் சட்டை இன்னிக்கு மட்டும் இருபத்திரண்டு. எல்லாத்துலயும் மஞ்சள். காலர்ல மஞ்சள், கைல மஞ்சள். ஒருத்தன் பேன்ட்டு முட்டியில ஏன் மஞ்சள்?”

“அது கணக்காளர்” என்றாள்.

“வீட்டுல சோப்பைப் போட்டுத் தேய்ச்சிடறாங்க. சோப்புப் பட்டா மஞ்சள் ரத்தம் மாதிரி செவந்துடும். கொலைகாரன் சட்டை மாதிரி எடுத்துட்டு வந்து நிக்கறாங்க. அலசி வெயில்ல காயப் போட்டாலே தன்னால வெளுத்துடும், அது தெரியாது. ஆமா, நீ என்ன, கண்ணைக் கண்ணை மூடற? தூசி விழுந்துடுச்சா?”

அவள் கண்ணை மூடுவதை வீட்டில் விட்டுவிட்டாள்.

ஆறாவது வாரம் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கேன்டீனில் எல்லா உணவிலும் மஞ்சள் நாலு மடங்கு. அன்று அவள் நிஜமாகவே பதறிப்போய் மேலே ஓடினாள். வைத்தியம் அவளுக்குக் கைவந்த கலை இல்லை, சமையல் அப்படியல்ல.

“சார், மஞ்சளை எண்ணெய்ல ஒரு நிமிஷம் விட்டு, பச்சை வாசனை போன அப்புறம்தான் மத்ததைப் போடணும். பருப்புன்னா வேகும்போதே போடணும். கீரைக்குப் போட்டா கீரை பச்சையாவே இருக்காது, பழுத்த எலை மாதிரி ஆயிடும். ஒரு சின்னப் பாத்திரத்துக்குக் கால் ஸ்பூன்னா வாசனை. ஒரு ஸ்பூன்னா கசப்பு. அதுக்கு மேல போனா சாயம் சார், சாப்பாடு இல்ல.”

கணீர் புன்னகையோடு கேட்டார். அவரும் சும்மா இல்லை. நாலு டம்ளர் பாலுக்கு மேல், எங்கிருந்தோ வரவழைத்த மஞ்சள் மாத்திரையையும் காலையும் மாலையும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

“உங்க சக்தி உங்களுக்கே தெரியலைம்மா” என்றார். “தலைமை அலுவலகத்துக்கே எழுதிட்டேன். நோய்னு லீவு போடறது பாதியாக் குறைஞ்சிருக்கு.”

அது உண்மைதான். மஞ்சள் குடித்தும் நோய் வந்தால் வெளியே சொல்வது எப்படி என்று எல்லோரும் ‘சொந்த வேலை’ என்று லீவு எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

நாலு மடங்கு போட்டாள். பருப்பு வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது. முட்டைகோஸ் பொரியல் பெயின்ட் கடையிலிருந்து வந்தது போல இருந்தது. யாராவது ஒரு ஆள் சமையலறை ஜன்னலுக்கு வந்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போக மாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிவிட்டுப் போனார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அவளைக் குறை சொல்லியிருக்கிறார்கள். குறையே சொல்லாத இந்தப் பத்து நாள் வலித்த மாதிரி எதுவும் வலித்ததில்லை. அவள் தனக்கு மட்டும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் கொண்டுவந்து ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக் கூட்ட நேரத்தில், எண்ணெய் டின்னின் மூடி அவள் இடது மோதிர விரலைக் கிழித்துவிட்டது. நல்ல ஆழம். குழாயைத் திறக்கத் திரும்பினாள். அதற்குள் ஜன்னலில் தலைகள் நிறைந்துவிட்டன.

“மஞ்சள்! அக்காவோட மஞ்சளை எடுங்க!” என்று யாரோ கத்த, வரவேற்புப் பெண் உள்ளே ஓடிவந்து கண்ணாடி ஜாடியைத் திறந்து நீட்டினாள். இரண்டு பேர் ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள்.

கழுவ வேண்டும், சுத்தமான துணியால் கட்ட வேண்டும், தையல் போட வேண்டியிருக்கலாம். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். பக்கத்துச் சுவரில் மூன்றடி உயரத்தில் அவளே நின்று பார்க்கிறாள். நாள் முழுக்கப் பத்து ஸ்பூன் நுழைந்து வெளிவந்த அந்த ஜாடியிலிருந்து ஒரு கை அள்ளி, காயத்தில் வைத்து அழுத்தினாள். உயிர் போய்த் திரும்பியது. சிரித்தாள். சிறிது நேரத்தில் ரத்தம் நின்றது. அவ்வளவு அழுத்தினால் காகிதத்தை வைத்தாலும் நின்றிருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள்.

வியாழக்கிழமை விரல் விண்விண் என்று தெறித்தது. வெள்ளிக்கிழமை கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. சனிக்கிழமை மதியம் கணவன் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

“கறை எடுக்கறவன்கிட்ட காட்டற விஷயமா இது? கிளம்பு டாக்டர்கிட்ட.”

“தெருமுனை டாக்டர்கிட்ட எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் வர்றாங்க. யாராவது பார்த்தா என் மானம் போயிடும்.”

“விரல் போனா பரவாயில்லையா?”

“கொஞ்சம் தள்ளி எங்கயாவது போலாம்.”

இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன கிளினிக்கைக் கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி. பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சுகள், ஒரு மீன் தொட்டி, மீன் இல்லை. அவள் கம்பவுண்டரிடம் விவரத்தைச் சொல்லிப் பதிந்துவிட்டு, விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். எதிர் பெஞ்சில் தொப்பியும் முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கம்பவுண்டர் நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் போனார். “பேரு என்ன சார்? உடம்புக்கு என்ன?”

தொப்பிக்காரர் குனிந்து அவர் காதோரம் ரகசியமாகச் சொன்னார். அந்த ரகசியத்தில் மீன் தொட்டித் தண்ணீர் அதிர்ந்தது. அவ்வளவு கணீரென்ற ரகசியம் உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

சமையல்காரி தலையை நிமிர்த்தினாள். அவரும் திரும்பினார். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

“அட” என்றார் மேலாளர், கண்ணாடியைக் கழற்றியபடி. “நான் இங்க... தெரிஞ்சவர் ஒருத்தரைப் பார்க்க வந்தேன்.”

“நானும்தான் சார். இவருக்குத்தான் கொஞ்சம்...” என்று கணவனைக் காட்டினாள். கணவன் என்ன நோய் என்று தெரியாததால் பொதுவாக ஒரு தடவை இருமி வைத்தான்.

கம்பவுண்டருக்கு மனித மானத்தைப் பற்றி அக்கறை கிடையாது. மேஜைக்குத் திரும்பி, நோட்டைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

“விரல்ல சீழ் யாரு? அடுத்து நீங்கதான், ரெடியா இருங்க! அதுக்கப்புறம் மஞ்சள் மாத்திரை தின்னு வயிறு எரியறவரு!”

யாரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர் அறைக் கதவு திறந்து, முட்டியில் புதுக் கட்டும் கையில் எக்ஸ்ரே கவருமாகக் கணக்காளர் வெளியே வந்தார். மேலாளரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். திரும்ப உள்ளே போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தது அவர் காலில் தெரிந்தது. பிறகு மூவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நொண்டியபடி, தன்னால் முடிந்த வேகத்தில் வெளியேறினார்.

டாக்டரம்மா விரலைக் கழுவி, சீழை எடுத்து, ஊசி போட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“சமையலுக்குப் போடறீங்கன்னா நல்லாப் போடுங்க, நானும் போடறேன்” என்றார். “தொண்டை கரகரன்னா பால்ல போட்டுக் குடிக்கறதும் சரி. ஆனா இந்த மாதிரி ஆழமான வெட்டுல, கண்ட கையும் படற டப்பாவுலேர்ந்து எடுத்து அப்பினா என்ன ஆகும்? மேல மூடிக்கும், உள்ள அழுகும். யாரு இதைச் சொன்னாங்க உங்களுக்கு?”

சமையல்காரிக்குச் சுவர்ப் படம் நினைவுக்கு வந்தது.

“ஆபீஸ்ல ஒருத்தி” என்றாள். “ரொம்பப் பெரிய கைராசிக்காரின்னு எல்லாரும் சொன்னாங்க.”

வெளியே வந்து படிக்கட்டில் காத்திருந்தாள். கணவன் மருந்துச் சீட்டோடு எதிர்க்கடைக்குப் போயிருந்தான். அரைமணி கழித்து மேலாளர் வந்தார். தொப்பி இல்லை. எல்லோரும் கண்டுவிட்ட பிறகு தொப்பி எதற்கு?

“மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க” என்றார். “பாலும் கொஞ்ச நாளைக்கு வேணாமாம்.”

“நான் அன்னிக்கே சொன்னேனே சார். பேசாம இருந்ததுதான் உங்க தொண்டைக்கு மருந்து.”

அவர், கேட்டுப் பழகிய பாட்டைக் கேட்பவர் போல, கறுப்புக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். வீட்டிலும் அவரிடம் யாரோ இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

“இந்தத் திட்டத்தை இப்ப நிறுத்த முடியாதும்மா. அடுத்த மாசம் தலைமை அலுவலகத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. மத்த கிளைக்கெல்லாம் கொண்டு போகப் போறாங்களாம்.”

“நிறுத்த வேணாம் சார். எனக்கு என் ஸ்பூனைத் திருப்பிக் குடுத்துடுங்க, அது போதும். எதுல எவ்வளவு போடணும்னு நான் பார்த்துக்கறேன். யாருக்கும் சொல்ல வேணாம். இன்னொண்ணு, இனிமே யாராவது உடம்பு சரியில்லன்னு என்கிட்ட வந்தா, டாக்டர்கிட்ட போகச் சொல்வேன். நீங்க நடுவுல வரக் கூடாது.”

“போவாங்களா?”

“போறதுக்கு முன்னாடி ஒரு வாய் மஞ்சள் பால் குடிக்கணும்னு சொன்னா போவாங்க.”

மேலாளர் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் சிரித்தார்.

திங்கட்கிழமை அவள் விரல் கட்டோடு வேலைக்கு வந்தாள். கட்டுக்குள் மஞ்சள்தான் இருக்கிறது என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பதினோரு மணிக்குப் பால் போயிற்று, வெளிறிய மஞ்சளில், அளவாக. மேலாளரின் எவர்சில்வர் டம்ளரில் மட்டும் வெறும் வெந்நீர். எல்லோர் முன்னிலையிலும் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஆஹா” என்றார்.

மதியம் பருப்பை அவள் தன் கணக்குப்படி செய்தாள். வேகும்போதே மஞ்சள், இரண்டு சொட்டு எண்ணெய், கடைசியில் தாளிப்பு. கீரையின் கிட்டவே மஞ்சளைச் சேர்க்கவில்லை. கீரை பச்சைப்பசேலென்று வந்தது. ஒரு மணிக்குப் பந்தி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வரவேற்புப் பெண் ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

“அக்கா, இன்னிக்குப் பருப்பு அப்படி இருக்கு! மஞ்சளை இன்னும் கூட்டிட்டீங்களா?”

“இல்லம்மா. குறைச்சிருக்கேன்.”

“போங்கக்கா, தொழில் ரகசியத்தைச் சொல்ல மாட்டீங்களே!” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த நாலு பேரும் அதையேதான் கேட்டார்கள், அதையேதான் நம்ப மறுத்தார்கள். ஐந்தாவதாக வந்த கணக்காளர் மட்டும் எதுவும் கேட்காமல் தட்டை நீட்டி, “இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க” என்றார். அவள் மூன்று போட்டாள்.

கூட்டம் கலைந்ததும் தனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுப் பருப்பை ஊற்றிக்கொண்டாள். ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை. கேன்டீனிலேயே, நடு மேஜையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் கணவன் அவள் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து பார்த்தான். காலையில் அவன் கட்டிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

“ஏன் சாப்பிடல? கை ரொம்ப வலிக்குதா?”

“கேன்டீன்ல சாப்பிட்டேன்” என்றாள்.

அவன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். சூடு இல்லை. அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள்.